வீட்டில் செய்த கேம்பிங் நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. வார இறுதி வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடும் கூட்டம் எங்களுடையது. ராத்திரி தங்கும் இடத்தில் உட்காருவதற்காக நானே ஒரு மர நாற்காலி செய்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாம் "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒழுங்காக ஒரு பொருளாக ஆக்கி விற்கலாமா என்று யோசனை.

அடிப்படை ரூர்க்கி நாற்காலிதான். கேள்விப்படாதவர்களுக்காக: 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரூர்க்கியில் இருந்த ராணுவப் பொறியாளர் படையினரிடம் புழக்கத்துக்கு வந்த முகாம் நாற்காலி அது. நான்கு கால், நான்கு குறுக்குச் சட்டம், முதுகுக்கு இரண்டு கட்டை, உட்காரவும் சாயவும் கேன்வாஸ். சட்டங்களை இணைக்க ஆணி கிடையாது, பசை கிடையாது. சட்டத்தின் முனை கூம்பாகச் சீவியிருக்கும், காலில் உள்ள துளையும் அதே கூம்பு. சொருகிவிட்டு ஆள் உட்கார்ந்தால் மூட்டு தானாக இறுகிக்கொள்ளும். மூட்டுகளில் கொஞ்சம் அசைவு இருப்பதால் தரை மேடுபள்ளமாக இருந்தாலும் நான்கு காலும் ஊன்றும். பிரித்தால் எல்லாம் குச்சிகளாகிப் பையில் அடங்கிவிடும்.

நான் செய்த மாற்றம் இரண்டு. உட்காரும் உயரத்தைக் கூட்டியிருக்கிறேன். அப்புறம், கேன்வாஸ் நாள்பட நாள்பட தொங்கிப்போகும் அல்லவா, அதை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே இழுத்து இறுக்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு. இது வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

தேக்கில் செய்தால் ஒன்றுக்கு 2,600 ரூபாய் ஆகிறது. 3,200க்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். காப்புரிமை எடுக்க வேண்டுமா? விலை சரியா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? சாயங்காலம் அந்த இறுக்கும் ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கிண்டி மனு:

படம் போடாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

காப்புரிமை வேலையில் பல வருடமாக இருப்பவன் என்பதால் அவசரமாகச் சொல்கிறேன். இந்த இழை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. இங்கே அந்த ஏற்பாட்டின் படமோ, அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமோ வந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது வெளியிடப்பட்ட விஷயம். அதற்குப் பிறகு நீங்களே மனு போட்டாலும் "இது புதிதல்ல" என்று தள்ளிவிடலாம். உங்கள் சொந்தப் பதிவையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

இதுவரை எழுதியதில் பாதகமில்லை. "இறுக்கலாம்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள், எப்படி என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்துங்கள். இரண்டு கேள்வி: யாருக்காவது காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறீர்களா? யாருக்காவது உள்விவரம் விளக்கியிருக்கிறீர்களா?

பொள்ளாச்சிக்காரன்:

நல்லவேளை சார், போன் கையில் எடுத்துவிட்டேன். விற்கவில்லை. நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு சீட்டுக்கு அடியில் துணிக்குள் இருக்கிறது, யாருக்கும் திறந்து காட்டியதில்லை.

டொரண்டோ குளிர்:

தம்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். இங்கே கனடாவில் வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் மனு போட்டால் போதும். அமெரிக்காவிலும் அப்படித்தான். கொஞ்சம் விற்றுப் பார்த்துவிட்டு, ஆட்கள் வாங்கினால் பிறகு காசு செலவழிக்கலாம்தானே?

கிண்டி மனு:

அண்ணன் சொல்வது அந்த இரண்டு நாட்டுக்கும் சரி. இந்தியாவில் அப்படிப் பொதுவான ஒரு வருட அவகாசம் இல்லை. நம் சட்டத்தில் இருக்கும் விலக்குகள் குறுகியவை: அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டியது, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, பரிசோதித்துப் பார்ப்பதற்கு அவசியமான பயன்பாடு, இந்த மாதிரி. கடை போட்டு விற்றது அதில் வராது. ஆகவே இங்கே வரிசை எப்போதும் முதலில் மனு, பிறகுதான் படம், விற்பனை எல்லாம்.

செலவைப் பார்த்து மலைக்க வேண்டாம். தற்காலிக விவரணத்தோடு, அதாவது கண்டுபிடிப்பின் ஆரம்ப விளக்கத்தோடு, மனு போடலாம். தனிநபருக்கு இணையவழி அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். அந்தப் பன்னிரண்டு மாதமும் நீங்கள் தாராளமாக விற்கலாம், ஆட்கள் வாங்குகிறார்களா என்று பார்க்கலாம். வாங்கினால் மேலே செலவு செய்யுங்கள். மனுவைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிக்க விண்ணப்பிக்கத் தனியாக 4,000. காப்புரிமை முகவர் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி முழுவதற்கும் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. ரூர்க்கி நூறு வருடத்துக்கு மேல் பழையது. டென்மார்க்கின் காரே கிளிண்ட் 1933இல் அதை வைத்துத்தான் சஃபாரி நாற்காலி செய்தார். மடக்கு, கழற்று நாற்காலிகளில் காப்புரிமை எடுப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஃபென்பி என்ற ஆங்கிலேயர் 1877இல் எடுத்த மடக்கு நாற்காலியின் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. தெரிந்த பொருட்களை வெறுமனே அடுக்கி மாற்றி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று நம் சட்டத்தின் 3(எஃப்) பிரிவே சொல்கிறது. உங்களுக்கு வாய்ப்பு இருந்தால் அது அந்த இறுக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும்தான்.

மனு போடுவதற்கு முன் நீங்களே தேடிப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற இரண்டு காப்புரிமைத் தேடல் தளங்களும் இலவசம். வகைப்பாட்டு எண் ஏ47சி 4 என்று போட்டால் மடக்கும், கழற்றும் நாற்காலிகள் எல்லாம் கொட்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும், உங்களுடையது மாதிரி ஒன்று வந்தால் கண்ணில் படும்.

தாம்பரம் டிசைன்:

டிசைன் பதிவு இன்னும் எளிது ஆயிற்றே? அதைச் செய்யலாமே.

கிண்டி மனு:

செய்யலாம். வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ் பத்து வருடம், மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டும். இயங்கும் முறைக்குப் பாதுகாப்பு தராது. துணிக்குள் ஒளிந்திருக்கும் ஏற்பாட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதுவும் வெளியிடுவதற்கு முன்பே போட வேண்டியதுதான்.

ஓசூர் ஃபிட்டர்:

சட்ட விஷயம் அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு உங்கள் நாற்காலி ஒடிந்துவிடுமோ என்றுதான் கவலை. ஏற்பாடு எப்படி என்று கேட்கவில்லை. சீட்டை இறுக்க முடியும் என்று சொன்னீர்களே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டு பக்கச் சட்டத்துக்கு நடுவில் துணி தொங்குகிறது. 100 கிலோ ஆள் அசையாமல் உட்கார்ந்தால் பக்கத்துக்கு 50 கிலோ. ஆனால் துணி இழுப்பது நேர் கீழே இல்லை, சாய்வாக உள்நோக்கி. துணி எந்த அளவுக்குத் தொங்குகிறது என்பதைப் பொறுத்து இழுவிசை மாறும். சட்டத்தின் அருகே துணி 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு பக்கச் சட்டத்தின் மேல் 100 கிலோ இழுவை. 20 டிகிரி என்றால் 146. நன்றாக இறுக்கி 10 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் 288 கிலோ. ஆள் அதே ஆள்தான்!

நீங்கள் எத்தனை மி.மீ. சட்டம் போட்டிருக்கிறீர்கள்? 28 என்று வைத்துக்கொள்வோம், நீளம் 45 செ.மீ. 10 டிகிரியில் சட்டத்தின் நடுவில் வளைவு அழுத்தம் ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 74 நியூட்டன் வரும். நல்ல தேக்கு நூறை ஒட்டி ஒடியும். ஆள் மெதுவாக உட்கார்ந்தால் தப்பிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து தொப்பென்று விழுந்தால் ஒடியும். உங்களுடைய சிறப்பு அம்சமே நாற்காலியை ஒடிக்கும் அம்சமாகிவிடக் கூடாது.

வழி இருக்கிறது. வட்டச் சட்டத்தின் வலிமை விட்டத்தின் மும்மடியில் ஏறும். 28ஐ 32 ஆக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வலிமை. எடை கூடுவது அதிகமில்லை. இரண்டாவது, ஓர் அளவுக்கு மேல் இறுக்க முடியாதபடி ஒரு தடை வையுங்கள். வாங்குகிறவர் இறுக்கிக்கொண்டே போவார், மனித இயல்பு.

பொள்ளாச்சிக்காரன்:

28தான் அண்ணா. சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தடை வைக்க இடம் இருக்கிறது, வைத்துவிடுகிறேன். கடைசல் பட்டறையில் 32க்குச் சொல்லி மாதிரி எடுக்கிறேன்.

ஓசூர் ஃபிட்டர்:

மாதிரி எடுக்கும்போதே நாரோட்டத்தையும் பாருங்கள். சட்டத்தின் நீளத்தோடு நார் நேராக ஓட வேண்டும். பலகையில் இருந்து அறுத்த துண்டில் நார் குறுக்கே வெளியேறினால் எவ்வளவு தடிமன் இருந்தாலும் அந்த இடத்தில் சரிந்து பிளக்கும். கடைசலுக்குப் போகும் முன்பே பொறுக்கித் தள்ளிவிடுங்கள், கடைந்த பிறகு கண்டுபிடித்தால் கூலியும் போச்சு. காலின் மேல்முனையில் துளைக்கு மேலே இரண்டு அங்குலமாவது மரம் இருக்கட்டும். கூம்பு ஓர் ஆப்பு போல வேலை செய்யும், முனைக்கு அருகில் துளை இருந்தால் காலை இரண்டாகப் பிளந்துவிடும். பக்கத் துளையும் முன்பக்கத் துளையும் ஒரே உயரத்தில் சந்திக்கவும் கூடாது.

மேல்மலை:

கொடைக்கானலில் மேல்மலைப் பக்கம் சின்னதாக ஒரு கூடாரத் தங்குமிடம் நடத்துகிறேன். வாங்கும் ஆளாகப் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது இரும்புக் குழாய் மடக்கு நாற்காலிகள். ஒரு சீசன் முடிந்தால் பாதி பழைய இரும்புக்குப் போகும். என்ன உடைகிறது என்று நினைக்கிறீர்கள்? மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூட்டு. பத்து ரூபாய்க்கும் பெறாத துண்டு. அது உடைந்தால் முழு நாற்காலியும் குப்பை, ஏனென்றால் அந்தத் துண்டு தனியாக எங்கும் கிடைக்காது. அப்புறம் தீ மூட்டத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார்கள். ஒரு பொறி விழுந்தால் பாலியஸ்டர் துணி உருகி ஓட்டை விழுந்துவிடும். பருத்திக் கேன்வாஸ் கருகுமே தவிர அப்படி உருகாது.

ஆனால் பருத்திக்கும் எங்கள் ஊரில் ஒரு தொல்லை உண்டு. பனியில் நனைந்து, மறுநாள் வெயில் வராமல் அப்படியே மடித்து வைத்தால் கரும்புள்ளி பூத்துவிடும். ஆகவே துணி கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

உயரத்தைக் கூட்டியது மிகச் சரியான வேலை. பழைய முகாம் நாற்காலிகள் எல்லாம் ரொம்பத் தாழ்வு. அறுபது வயதுக்காரர் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு கால் ஒடிந்தால் ஒரு கால் மட்டும் அனுப்புவீர்களா? வந்த கால் நான் சொருகியதும் பொருந்துமா? பொருந்தும் என்றால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் வாங்குவேன்.

பொள்ளாச்சிக்காரன்:

இப்போதைக்கு ஒவ்வொரு நாற்காலிக்கும் அதனதன் சட்டத்தைத் துளையில் வைத்துப் பார்த்துச் சீவித்தான் பொருத்துகிறேன். எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று எண் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓசூர் ஃபிட்டர்:

அங்கேதான் இருக்கிறது விஷயம். மேல்மலை அண்ணன் கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்த நாளில்தான் உங்களிடம் விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அதுவரை இருப்பது கைவேலை. அது குறையல்ல, ஆனால் இரண்டும் வேறு வியாபாரம்.

கூம்பில் ஒரு சங்கடம் உண்டு. 6 டிகிரிக் கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை 0.1 மி.மீ. தடித்துவிட்டால் சட்டம் கிட்டத்தட்ட 1 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். கடைசல்காரர் கண் அளவில் வேலை செய்தால் 0.3 மி.மீ. சர்வசாதாரணமாக வரும். அப்போது நாற்காலி ஒரு முனைக்கு 3 மி.மீ. அகலமாகும், இரண்டு முனைக்கும் சேர்த்து 6. துணி அதே துணி. ஒரு நாற்காலியில் தளர்ந்து தொங்கும், இன்னொன்றில் மாட்டவே மாட்டாது.

அதற்கு ஒரு கேஜ், அதாவது அளவு சரிபார்க்கும் கட்டை, போதும். இரும்புக் கட்டையில் சரியான கூம்புத் துளை போட்டு, ஒரு பக்கம் சீவி, இரண்டு கோடு கீறி வைக்க வேண்டும். சட்டத்தின் முனையைச் சொருகினால் அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். முதல் கோட்டைத் தொடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கடையலாம். இரண்டாவதைத் தாண்டினால் தள்ளுபடி. துளை போடவும் எல்லாவற்றுக்கும் ஒரே கூம்புத் துருவி, ஆழத்துக்கு ஒரு நிறுத்தி. இது இரண்டும் இருந்தால் யார் கடைந்தாலும் எந்தச் சட்டமும் எந்தக் காலிலும் உட்காரும். எண் போடும் வேலை இல்லை. கேஜ் கட்டையை நான் செய்து அனுப்புகிறேன், பட்டறையில் கிடக்கும் துண்டிலேயே ஆகிவிடும், காசு வேண்டாம்.

மரம் நன்றாகக் காய்ந்ததா என்பதும் இதில் சேர்த்தி. ஈர மரத்தில் எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் இரண்டு மாதத்தில் உருளை நீள்வட்டமாகிவிடும். தேக்கு அதிகம் அசையாது. விலை குறைகிறது என்று மாமரத்துக்குப் போனால் இந்தக் கேஜ் எல்லாம் வீண்.

கரூர் தையல்:

நாங்க கேன்வாஸ் பை, பந்தல் துணி தைக்கிற ஆளுங்க. துணியைப் பத்தி நான் சொல்றேன்.

துணி நடுவில் கிழிந்து நான் பார்த்ததே இல்லை. சட்டம் நுழையும் மடிப்பின் தையல்தான் முதலில் விடும். பருத்தி நூல் போட்டிருந்தால் ஈரத்தில் மக்கிவிடும், நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் கெடும். பாலியஸ்டர் நூல், கனமானது, மடிப்பில் இரட்டை வரிசை. இரண்டு முனையிலும் தையல் ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்கே நெருக்கமாக அடித்து நிறுத்த வேண்டும், அதை பார்டேக் என்போம். அது இல்லாவிட்டால் முனையில் பிரிய ஆரம்பித்துக் கடகடவென்று ஓடிவிடும்.

இன்னொன்று, வெட்டுவதற்கு முன் கேன்வாஸை நனைத்துக் காய வைத்துவிடுங்கள். பருத்தி முதல் தண்ணியில் சுருங்கும். ஓசூர் அண்ணன் மி.மீ. கணக்கு பார்க்கிறார். இங்கே துவைத்ததும் துணி செ.மீ. கணக்கில் சுருங்கினால் மேல்மலைக்காரர் திரும்ப மாட்டவே முடியாது. துணி வெட்டுக்கு ஒரு தகட்டு அச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது பீஸுக்குக் குறைந்தால் தையல் கூலி கட்டுபடி ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாதிரிக்கு வேண்டுமானால் இரண்டு செட் தைத்துத் தருகிறேன்.

ஈரோடு கணக்கு:

விலைக்கு வருவோம். 3,200 ரூபாய் எம்ஆர்பி என்றால் அதில் ஜிஎஸ்டி அடக்கம். மர நாற்காலி ஜிஎஸ்டி பட்டியலில் 9401 என்ற எண்ணில் வரும், வரி 18 சதவீதம். கழித்தால் உங்களுக்கு நிற்பது 2,712. பெட்டி, கூரியர் சேர்த்து 350 என்று வையுங்கள். மீதி 2,362. உங்கள் அடக்கவிலை 2,600. ஒவ்வொரு நாற்காலிக்கும் 238 ரூபாய் கையிலிருந்து போடுகிறீர்கள். மூலப்பொருளுக்குக் கட்டிய வரி கொஞ்சம் கழியும்தான், ஆனால் அது ஓட்டையை அடைக்காது. அந்த 2,600இல் உங்கள் உழைப்பு இருக்கிறதா?

ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவே வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் சரி. பெங்களூருக்கு ஒரு நாற்காலி அனுப்பினாலும் பதிவு வேண்டும். கேம்பிங் பொருள் வாங்கும் கூட்டம் அங்கேதான் அதிகம், ஆகவே பதிவு உண்டு என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

கடைசல், தையல் கூலி உண்டு. என் உழைப்பு இல்லைங்க.

ஈரோடு கணக்கு:

அதற்கு 700 போடுங்கள், அடக்கம் 3,300. எம்ஆர்பி 6,500 வைத்தால் வரி போக 5,508. கூரியர் போக 5,158. உங்களுக்கு 1,858 நிற்கும். மாற்றிக் கொடுக்கும் உதிரிகள், திரும்பி வரும் பெட்டிகள், விளம்பரம், தள்ளுபடி செய்த மரம் எல்லாம் இதில்தான் போக வேண்டும். கடை மூலம் விற்றால் கடைக்காரர் வரி நீங்கிய விலையில் 30 சதவீதம் கேட்டால் 1,652 போய்விடும். ஆகவே இந்த விலையில் நேரடி விற்பனை மட்டுமே ஓடும்.

கூரியர் பற்றி ஒரு நல்ல செய்தி. கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எடையையும் நிஜ எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். உங்கள் கட்டு 62க்கு 20க்கு 16 இருக்குமா? அது 4 கிலோ. நாற்காலியும் ஏறத்தாழ அவ்வளவுதான். கழற்ற முடியாத மடக்கு நாற்காலி 90க்கு 40க்கு 15 என்றால் 10.8 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும்.

தாம்பரம் டிசைன்:

6,500 கொடுத்து யார் வாங்குவார்கள்? டெக்கத்லானுக்குப் போனால் அதில் ஒரு பங்கு விலைக்கு மடக்கு நாற்காலி கிடைக்கிறது. விலையைக் குறைக்க அலுமினியத்துக்கு மாறுவதுதான் வழி என்று எனக்குப் படுகிறது.

டொரண்டோ குளிர்:

நான் அலுமினியக் கதிரைதான் பாவிக்கிறேன், அதனால் சொல்கிறேன். 2012இல் ஹெலினாக்ஸ் சேர் ஒன் வந்தது. கூடாரக் கம்பி செய்யும் கொரியாவின் டிஏசி நிறுவனத்தின் குழாய்களில் செய்த கதிரை. ஒரு கிலோவுக்குள் எடை, நல்ல பலம். அதைப் பார்த்து அதே உருவத்தில் எத்தனை எத்தனை கதிரைகள் வந்துவிட்டன! அந்தச் சந்தைக்குள் பொள்ளாச்சியில் இருந்து ஒரு ஆள் போய் விலையில் போட்டி போட ஏலாது. குழாயும் மூட்டு அச்சும் அவர்களிடம் இருக்கிறது.

உங்கள் கதிரையை முதுகில் சுமந்து மலை ஏறுகிறவன் வாங்க மாட்டான். நான்கு கிலோ. காரில் போகிறவன், தோட்டத்தில் போடுகிறவன், தங்குமிடம் நடத்துகிறவன் வாங்குவான். அவனுக்கு மரமும் கேன்வாஸும்தான் பிடிக்கும். "டிரெக்கிங்" என்ற சொல்லையே விளம்பரத்தில் போடாதேயுங்கோ.

மேல்மலை:

தாம்பரம் தம்பிக்கு: நான் வாங்குவேன் என்று மேலேயே எழுதிவிட்டேன். விலை குறைந்ததை வாங்கி வாங்கித்தான் இரும்புக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கால் தனியாக, சட்டம் தனியாக, துணி தனியாக விலை போட்டுக் கொடுங்கள். நான் உதிரியும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வேன்.

கிண்டி மனு:

விளம்பர வாசகம் பற்றி ஒன்று. "150 கிலோ தாங்கும்" என்று அட்டையில் அடிக்க ஆசை வரும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. நீங்கள் வெளிப்படையாகக் கொடுத்த உறுதிமொழிப்படி பொருள் இல்லாமல் ஒருவர் காயப்பட்டால், உங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. வடிவமைப்புக் குறை, போதிய பயன்பாட்டுக் குறிப்பு இல்லாதது இரண்டுமே அந்தப் பொறுப்பில் வரும். சோதித்த எடை ஒன்று, அட்டையில் அதைவிடக் குறைவான எடை. எப்படிச் சொருக வேண்டும், எவ்வளவு இறுக்கலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் படம் போட்ட தாள் பைக்குள் இருக்கட்டும்.

ஓசூர் ஃபிட்டர்:

சோதனை முறை சொல்கிறேன். சீட்டில் மணல் மூட்டையாக 150 கிலோ ஏற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் இறக்கிவிட்டுச் சட்டம் நிமிர்கிறதா, துளை ஓரத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பிறகு 25 கிலோ மூட்டையை ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போடுங்கள், கை சலிக்கும்வரை. கடைசியாகப் பின்னங்கால் இரண்டில் மட்டும் நிற்கும்படி சாய்த்து ஆளை உட்கார வையுங்கள், கீழே மெத்தை போட்டுவிட்டு. ஜனங்கள் கட்டாயம் அப்படி உட்காருவார்கள். ஒன்றையாவது வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். எங்கே முதலில் உடைகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். துணி தையல் பிரிந்து ஆள் மெதுவாக இறங்குவது வேறு, கால் ஒடிந்து பக்கவாட்டில் விழுவது வேறு.

ஏற்றுமதி நினைப்பு இருந்தால் ஐரோப்பாவில் ஈஎன் 581 என்ற தரநிலை இருக்கிறது. வெளிப்புற நாற்காலிகளை முகாம், வீடு, பொது இடம் என்று பிரித்துச் சோதிப்பார்கள். இங்கே பொது உபயோக நாற்காலி, முக்காலிகளுக்கு ஐஎஸ் 17632 என்ற இந்தியத் தரநிலை. அறைகலன்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025இல் வெளியானது. உங்கள் பொருள் அதற்குள் வருமா, குறுந்தொழிலுக்கு என்ன சலுகை என்பதை பிஐஎஸ் (இந்தியத் தரநிலை அமைப்பு) அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்மொழி பதில் வேண்டாம்.

ஈரோடு கணக்கு:

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம் வருடம், எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு அச்சிட வேண்டும். பெயர் ஒன்று முடிவு செய்துவிட்டால் வணிகச் சின்னம் அறைகலன்களுக்கான 20ஆம் வகுப்பில் பதிவு, தனிநபருக்கு 4,500. உங்கள் விஷயத்தில் காப்புரிமையைவிட அந்தப் பெயர்தான் நீண்ட நாள் சோறு போடும் என்பது என் கணிப்பு.

கிண்டி மனு:

இதில் எனக்கும் மறுப்பில்லை. காப்புரிமை 20 வருடம், சின்னம் புதுப்பிக்கிற வரைக்கும்.

இன்னொரு யோசனை. மேல்மலைக்காரர் சீசனுக்கு முன்பே கேட்பார் போலிருக்கிறது. மனு போடும் வரை காத்திருக்க முடியாவிட்டால், இறுக்கும் ஏற்பாடு இல்லாத சாதாரண ரூர்க்கியை அவருக்குக் கொடுங்கள். அது யாருக்கும் சொந்தமில்லாத வடிவம், விற்பதில் தடையும் இல்லை, உங்கள் ரகசியமும் வெளியே போகாது. மனு எண் கைக்கு வந்த பிறகு சீட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம், எல்லாச் சட்டமும் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்றால்.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முடிவு செய்தது: இந்த ஞாயிறு காப்புரிமைத் தேடல். ஒத்தது எதுவும் இல்லை என்றால் தற்காலிக மனு. கிண்டி சார், தனிச்செய்தி அனுப்புகிறேன். சட்டம் 32 மி.மீ., ஓசூர் அண்ணன் கேஜ் வந்ததும் பன்னிரண்டு நாற்காலிக்கான மரம் கடைசலுக்குப் போகும். அதில் இரண்டு உடைப்பதற்கு. விலை 6,500க்குக் கீழே இறக்கப் போவதில்லை. துணி மாதிரி இரண்டு செட் கரூரில் தைக்கலாம், ஆனால் ஐம்பது செட் துணிக்கு இப்போதே பணம் போட எனக்குத் தெம்பில்லை.

மேல்மலை அண்ணா, சாதாரண ரூர்க்கி பத்து தரட்டுமா? உதிரியாக எத்தனை கால், எத்தனை சட்டம்?

மேல்மலை:

பத்து போதும். இரண்டு கால், நான்கு சட்டம், துணி மூன்று செட் கூடுதலாக. ஏப்ரல் பிறப்பதற்குள் கையில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு மலைப்பாதையில் சரக்கு வண்டி ஏறுவதே பெரும்பாடு. காலின் அடிப்பக்கத்தைக் கூராக்கிவிடாதீர்கள், எங்கள் மண் ஈரமண், புதைந்துவிடும். அடி அகலமாக, ஓரம் மட்டும் மழுக்கி இருக்கட்டும்.

கரூர் தையல்:

ஐம்பதும் ஒரே தடவை எடுக்க வேண்டாங்க. பத்துக்கும் மூன்று கூடுதலுக்கும் நம்ம மற்ற வேலை ஓடும்போது நடுவில் சேர்த்துத் தைத்துவிடுகிறேன், கூலி கொஞ்சம் கூட ஆகும். பச்சை, காக்கி இரண்டு நிறம் இருப்பில் இருக்கிறது. நனைத்துக் காய வைத்த துண்டு இரண்டையும் நாளை பஸ் பார்சலில் போடுகிறேன், சட்டத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு அளவு சொல்லுங்க.